தந்தியக்காவின் பாம்புக் காது

என் அக்காவைப் பார்த்து யாராவது "பாவம்" என்று உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வாரம்கூடக் கடைக்கு வந்த ஒருத்தி, "உங்க அக்காவுக்குக் காதும் போய்த் தறியும் போயிடுச்சாமே, பாவம்" என்றாள். அவள் கேட்ட சுக்கைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிட்டு, "அந்த வார்த்தைய உன் வீட்டோட வெச்சுக்கோம்மா" என்று சொல்லி அனுப்பினேன். காது போனது உண்மைதான், தறி போனதும் உண்மைதான். எப்படிப் போனது என்று தெரிந்துகொண்டல்லவா பேச வேண்டும்? அதைச் சொல்கிறேன்.

என் அக்கா நெசவு மில்லில் ஆறு தறி பார்த்தவள். மற்றவர்களுக்கு நான்கு கொடுத்தாலே நாக்குத் தள்ளிவிடும். இவள் ஆறுக்கும் நடுவில் அலட்டிக்கொள்ளாமல் நடந்துகொண்டிருப்பாள். எந்தத் தறியில் நூல் அறுந்தாலும் இவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இவளுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல" என்பாள். தறியை 'அவள்', 'இவள்' என்றுதான் சொல்வாள். அத்தான்கூட ஒருநாள், "என்னையும் அப்படி ஒரு தடவ தொட்டுப் பார்த்து என்ன ஏதுன்னு கேட்டா நல்லா இருக்கும்" என்றார். அக்கா, "நீங்க நூல் அறுக்க மாட்டீங்களே, வார்த்தைதானே அறுப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தறிக்கூடத்தின் கதவைத் திறந்தால் சத்தம் நெஞ்சில் வந்து மோதும். உள்ளே பக்கத்தில் நிற்பவளின் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு. உதட்டைப் பெரிதாக அசைத்து, சத்தமே இல்லாமல் பேசுவார்கள். தூரத்தில் இருப்பவளுக்கு விரல். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டினால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். இல்லாத மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். யார் வீட்டு மாமியார் காலையில் என்ன சொன்னாள் என்பது வரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு விரலாலேயே போய்ச் சேர்ந்துவிடும். இதில் என் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தந்தி அடிப்பதுபோல அடிப்பாள் என்று அவளுக்குத் தந்தியக்கா என்று பேர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

வேலைக்குப் போன சில வருடங்களிலேயே காதுக்குள் விசில் ஆரம்பித்துவிட்டது. குக்கர் விசில் அடித்தால் ஒரு நேரம் அடங்கும் அல்லவா, இது அடங்காத விசில் என்பாள். மில்லுக்குள் இருக்கும்போது தெரியாதாம். வீட்டுக்கு வந்து எல்லாம் ஓய்ந்த பிறகுதான் அது தன் கச்சேரியைத் தொடங்குமாம். அந்த விசிலை மட்டும்தான் அவள் சொன்னாள். கேட்கிற சக்தியும் குறைந்துகொண்டே வந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துப் பேசினால் டாண் டாண் என்று பதில் வரும். முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "ஆறு தறி பாக்குறோம்னு திமிரு" என்று நான்கூடத் திட்டியிருக்கிறேன்.

குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. தன் குரல் தனக்குக் கேட்க வேண்டுமே. ரகசியம் என்று அவள் சொல்ல வாயெடுத்தால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டி, "மெதுவாப் பேசுக்கா" என்பேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வேன் என்று கணக்கே கிடையாது.

என் பிழைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மில்லுக்குப் போகும் தெருவில் மூலிகைக் கடை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் வேரும் பட்டையும் பொடியும், இன்னொரு பக்கம் சத்து மாத்திரை டப்பாக்கள். காது இரைச்சலுக்கென்றே தனியாக ஒரு தட்டு ஒதுக்கியிருந்தேன், மில் பக்கத்தில் கடை போட்டுவிட்டு அது இல்லாமல் இருக்க முடியுமா? பூண்டு காய்ச்சிய எண்ணெய், ஒத்தடம் கொடுக்க வறுத்த உப்பு மூட்டை, ஜிங்கோ இலை மாத்திரை, ஜிங்க், மெக்னீசியம், பி ட்வெல்வ் என்று வரிசையாக அடுக்கியிருப்பேன். முதல் ஆளாக எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தவள் அக்காதான். எண்ணெய் விட்டுக்கொண்டாள், பஞ்சு அடைத்துக்கொண்டாள், மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாள். பிறகு ஒருநாள், கடை நிறையப் பெண்கள் நிற்கும்போது வந்து, மைக் வைத்ததுபோல, "உன் மாத்திரையில நகம்தான்டி நல்லா வளருது, விசில் அப்படியே இருக்கு" என்றாள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் உள்ளங்கையை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறேன், அவள் தன் நகத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மில்லில் காது டெஸ்ட் என்று சொன்னார்கள். தறிக்கூடத்தில் எல்லோருக்கும் காது பார்க்கப்போகிறார்கள். நிறையப் பேருக்குக் கெட்டிருந்தால் காதை மூடும் கவசம் வாங்கித் தருவார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். ரொம்பக் கெட்டுப்போனவர்களைத் தறியிலிருந்து எடுத்து மடிப்புக் கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். கவசம் பற்றிய பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. மடிப்புக் கூடம் என்ற வார்த்தையைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

மடிப்புக் கூடம் அமைதியான இடம்தான், சம்பளமும் அதேதான். ஆனால் என் அக்காவுக்கு அது தண்டனை. "நெய்யுறவள உக்கார வெச்சுத் துணி மடிக்கச் சொல்றதா? அதுக்கு வீட்டுலயே மடிச்சுட்டுப் போறேன்" என்றாள். அவள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அந்த ஆறு தறியையும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்களே என்றுதான் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

டெஸ்டுக்கு முன்னால் என் கடையில் திருவிழாக் கூட்டம். காதுத் தட்டு காலியானது. மறுபடி வாங்கி அடுக்கினேன், அதுவும் காலி. நகத்தைக் காட்டிக் கிண்டல் செய்த அக்காவே திரும்ப வந்து, "குடுடி, எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டு டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு போனாள்.

டெஸ்டை மில்லின் முதலுதவி அறையில் வைத்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு மெஷினோடு டெஸ்ட் எடுக்க வந்த தம்பி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். அக்காதான் முதலில் போனாள். பாஸ். அவளுக்குப் பின்னால் போனவளும் பாஸ். தறிக்கூடம் மொத்தமும் பாஸ். வருடக்கணக்காகத் தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்கு இப்படியொரு காதா என்று அந்தத் தம்பியே அசந்துபோய், "உங்க எல்லாருக்கும் பாம்புக் காதும்மா" என்றானாம். அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் வரிசையாகத் தெருவில் நடந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே, வாயெல்லாம் பல்.

எனக்கும் தலைகால் புரியவில்லைதான். பின்னே? என் கடை மாத்திரை தின்றவர்கள் ஒருத்தி விடாமல் பாஸ். அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று ஆட்கள் தேடி வந்தார்கள். "பாம்புக் காது மாத்திரை குடுங்க" என்றே கேட்டார்கள். எல்லோருக்கும் காது நன்றாக இருக்கிறது, அப்புறம் கவசம் எதற்கு என்று மில்லில் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவின் தறி அக்காவிடமே இருந்தது, அது போதும்.

அந்த நேரத்தில்தான் அக்காவின் மருமகள் தறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுக்குள் அத்தான் எந்த மூலையில் நின்று என்ன முணுமுணுத்தாலும் அவள் பதில் சொல்லிவிடுவாள், அவ்வளவு கூர்மையான காது. கையும் நல்ல கை. அக்காதான் கூட நின்று தறிக்கு அறிமுகப்படுத்தினாள். "பொண்ணு இல்லாத குறைய இவ தீர்த்துட்டா" என்று அக்கா என்னிடம் ரகசியம் சொன்னாள், அதாவது தெருவுக்கே சொன்னாள்.

ஒருநாள் வேலை விட்டுப் போகும் வழியில் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் என்னிடம் வந்து, "சின்னத்தை, பூண்டு எண்ணெய் தீர்ந்துடுச்சு, இன்னொண்ணு குடுங்க. ஜிங்கோவும்" என்றாள்.

"உனக்கு எதுக்குடி?"

"காதுல ஒரே விசில். ஷிஃப்ட் முடிஞ்சா ஆரம்பிச்சுடுது. பரவால்ல, இதப் போட்டா சரியாயிடும்ல. ஷெட்ல எல்லாரும் இதப் போட்டுத்தானே பாஸ் ஆனாங்க?"

சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் காதை அழுத்தி அழுத்தி எடுத்தாள். தண்ணீருக்குள் முங்கி எழுந்தவர்கள் செய்வார்களே, அதுபோல. அக்காவும் அப்படித்தான் செய்வாள், ஆரம்ப காலத்தில். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு மருமகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, நான் எடுத்து வைத்த எண்ணெய்ப் புட்டியைத் தூக்கி மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டாள். "நாளைக்கு லீவு சொல்லு. காது டாக்டர்கிட்டப் போறோம். நீயும் வாடி" என்றாள் என்னிடம்.

டாக்டர் ஒரு பெண். அவசரப்படாத ஆள். மருமகளைப் பார்த்து முடித்துவிட்டு, விசில் கேட்க ஆரம்பித்து எத்தனை நாள், மில்லில் காதை மூட ஏதாவது கொடுக்கிறார்களா என்று கேட்டார். "இல்ல டாக்டர், அங்க எல்லாருக்கும் காது நல்லாருக்கு. அத்தைக்கே பாம்புக் காது" என்றாள் மருமகள் பெருமையாக. டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். அக்காவிடம் என்னென்னவோ கேட்டார், அவளும் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். அப்போது டாக்டர் மேஜை மேலிருந்த அட்டையை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?" என்றார்.

அக்கா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அட்டையை எடுத்துவிட்டு, "இப்ப நான் என்ன கேட்டேன்?" என்றார்.

"நீங்க இன்னும் ஒண்ணும் கேக்கலையே டாக்டர்" என்றாள் அக்கா.

என் முகத்தில் ஈயாடவில்லை. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா மட்டும் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு முகம் படிக்கச் சொல்லித்தர வேண்டுமா? புரிந்துவிட்டது.

"அப்ப டெஸ்டுல எப்படிம்மா பாஸ் ஆனீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"அந்தத் தம்பி அங்க எதையோ அமுக்கும்போதெல்லாம் கீழுதட்டக் கடிப்பான் டாக்டர். அவன் கடிச்சா நான் பட்டன அமுக்குவேன். வெளிய வந்ததும் எல்லாருக்கும் தந்தி அடிச்சேன், உதட்டப் பாருங்கன்னு." அக்கா தன் கீழுதட்டைக் கடித்து, கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "ஏமாத்தணும்னு செய்யல டாக்டர். எங்களுக்குப் பாக்குறதுதானே கேக்குறது. அதுதான் டெஸ்டுன்னு நெனச்சேன்."

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இவ்வளவு நாளும் என் மாத்திரை பாஸ் பண்ண வைத்தது என்று நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். பாஸ் பண்ண வைத்தது ஒரு பையனின் கீழுதடு.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. காதுக்குள் எண்ணெய் எதையும் விடக் கூடாது, உள்ளே புண்ணானால் அது வேறு தொல்லை என்றார். உடம்பில் ஏதாவது சத்து குறைந்திருந்தால் அதற்கு மாத்திரை சரி, சத்தத்தில் போன காதை எந்த மாத்திரையும் திருப்பிக் கொண்டுவராது என்று பொறுமையாகச் சொன்னார். விசிலோடு வாழப் பழகலாம், படுக்கும்போது ரேடியோவையோ ஃபேனையோ சன்னமாக ஓடவிட்டால் அது பெரிதாகத் தெரியாது, காதில் மாட்டும் கருவி வைத்துப் பார்க்கலாம் என்று அக்காவிடம் சொன்னார். மருமகளிடம், "உங்களுக்கு இப்பத்தான் ஆரம்பம். கொஞ்ச நாள் சத்தத்த விட்டுத் தள்ளி இருங்க, அடங்கலாம். காத மூடாம மறுபடி அங்க போய் நின்னா உங்க அத்தை மாதிரி ஆயிடும்" என்றார்.

வழியெல்லாம் அக்கா பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் எங்களுக்குத்தான் காது அடைத்த மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "நான் மறுபடி டெஸ்டுக்கு உக்காரப் போறேன்."

அத்தான் பதறிவிட்டார். "உக்காந்தா தறி போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"வேற யாராவது உக்காரட்டும் அத்தை" என்றாள் மருமகள். "நான் இந்த வேலைய விட்டுடறேன், அவ்வளவுதானே."

"நீ விட்டுட்டா உன் இடத்துல இன்னொருத்தி வந்து நிப்பா. அவளும் உன் சின்னத்தை கடையில எண்ணெய் வாங்குவா." அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தந்தி அடிச்சது நானு. நான்தான் போய் நிக்கணும்."

அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்ததை மட்டும் பார்த்தேன். ஆறு தறியை அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மறுநாளே அவள் மேஸ்திரியிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டாள். அந்த மனுஷனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "காது குத்தாத தந்தி, எல்லாரும் எப்படி உதட்டப் பாத்து பாஸ் ஆக முடியும்?" என்றாராம். அக்கா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, "இப்ப ஏதாவது கேளுங்க" என்றாளாம். அவர் கேட்டார், கத்திக் கேட்டார், கடைசியில் பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார். அப்புறம் மேலே போய்ப் பேசியதும் அவர்தான், அதையும் சொல்ல வேண்டும்.

அந்தத் தம்பியையே மறுபடி வரவழைத்தார்கள். அன்றைக்கு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "எத்தன டப்பா மாத்திரை தின்னேன்னு கேட்டா சொல்றதுக்கு ஆள் வேணும்ல" என்றாள். முதலுதவி அறை வாசலில் தறிக்கூடத்துப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. இவள் தோற்றால் எல்லோரையும் திரும்ப உட்கார வைப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அக்கா உள்ளே போனாள், நானும் கூடவே போனேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கி, கண்ணாடிக்கு முதுகு காட்டுகிற மாதிரி சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். புடவையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"இப்ப போடு தம்பி" என்றாள்.

தம்பி பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டான். தன்னிடம் இருந்த இன்னொரு ஹெட்போனை என் காதில் வைத்தான், அவளுக்குப் போகிற சத்தம் என்னவென்று நானும் தெரிந்துகொள்ளட்டும் என்று. முதலில் ஊசி விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அக்காவின் கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது, அசையவில்லை. அவன் கூட்டினான். கொசு மாதிரி கேட்டது. விரல் அசையவில்லை. இன்னும் கூட்டினான். எனக்கு அது விசிலாகக் கேட்டது, காதைக் குடைந்தது. என் அக்கா சுவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பரீட்சையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணைப்போல. சத்தம் வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா என்று தெரியாமல் காத்துக்கொண்டிருந்தாள். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். என்னால் கேட்க முடியவில்லை.

அவள் வெளியே வந்ததும் பெண்கள் எல்லோரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள். அக்கா ஒரு தந்தி அடித்தாள். இரண்டு கையாலும் ஒரு நாற்காலியைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி. அடுத்தவள் உள்ளே போனாள். நாற்காலியை யாரும் நேராகத் திருப்பிப் போடவில்லை. கடைசி ஆள் வரைக்கும் அது சுவரைப் பார்த்தே கிடந்தது.

அதற்குப் பிறகு மில்லில் என்ன செய்ய முடியும்? எல்லோரையும் மடிப்புக் கூடத்துக்கு அனுப்பிவிட்டால் மடிக்கத் துணி யார் நெய்வது? காதுக் கவசம் வந்தது, தறிக்கூடத்தில் நிற்கிற எல்லோருக்கும். மாட்டாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று மேஸ்திரியே கதவில் நின்றார். ரொம்பக் கெட்டிருந்த சிலரை மாற்றினார்கள். அதில் முதல் ஆள் என் அக்கா.

கடைசி நாள் ஆறு தறியையும் பஞ்சுத் தூசி போகத் துடைத்தாளாம். ஒவ்வொன்றின் சட்டத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாளாம். அந்த ஆறில் மூன்றை மருமகளுக்குக் கொடுத்தார்கள். டாக்டர் சொன்னபடி கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு, கவசத்தோடுதான் அவள் திரும்பப் போனாள்.

என் கடையில் காதுத் தட்டில் இப்போது எண்ணெயும் கிடையாது, ஜிங்கோவும் கிடையாது. காதில் வைக்கிற பஞ்சு அடைப்பான்கள் வைத்திருக்கிறேன். பாம்புக் காது மாத்திரை கேட்டு இன்னமும் ஆள் வருகிறார்கள். டாக்டர் இருக்கும் தெருவுக்கு வழி சொல்லி அனுப்புகிறேன்.

அக்கா மடிப்புக் கூடத்தில் துணி மடிக்கிறாள். முணுமுணுக்காமலா மடிக்கிறாள்? தினமும் முணுமுணுக்கிறாள், அதுவும் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. அந்தக் கூடத்துக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. மருமகள் தறிக்குத் திரும்பிச் சில வாரம் கழித்து, வேலை முடிகிற நேரத்தில் அந்த ஜன்னலுக்கு வந்து நின்றாளாம். கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கையை விரித்து, ஒன்றுமில்லை என்று ஆட்டினாள். அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை, திரும்பச் சொல் என்றாள். அவள் திரும்பச் சொன்னாள்.

அன்றைக்கு அக்கா என் கடைக்கு ஓடி வந்தாள். ஓடித்தான் வந்தாள், இந்த வயதில். கடையில் ஆட்கள் நின்றார்கள், வெளியே தெரு நிறைய மில் விட்டுப் போகிற கூட்டம். வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

"அடியே, என் மருமக காதுல விசில் நின்னுடுச்சுடி. சுத்தமா நின்னுடுச்சாம். ஒரு சத்தமும் இல்லையாம்."

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். போகிறவர்கள் நின்றார்கள். என் கை வழக்கம்போல மெதுவாகப் பேசச் சொல்லித் தானாக மேலே வந்தது. நான் அதை இறக்கிக்கொண்டேன்.

"என்னக்கா சொன்ன? சரியாக் கேக்கல, இன்னொரு தடவ சொல்லு" என்றேன், அவளுக்குத் தெரிகிற மாதிரி உதட்டை நன்றாக அசைத்து.